கல்லூரி மகளிர் கூடைப்பந்து: ஆடும் நேரத்தைப் பகிர்வதும் பெஞ்சை வளர்ப்பதும்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் சில அணிகள் ஏழு பேரை வைத்தே முழுப் பருவத்தையும் ஆடி முடிக்கின்றன, வேறு சில அணிகள் பத்துப் பேரைக் களமிறக்குகின்றன. இவற்றில் எது சரியான வழி? வெற்றியைக் கைவிடாமல் பெஞ்சில் இருப்பவர்களை வளர்க்க முடியுமா? வளர்க்காவிட்டால் அவர்கள் அடுத்த ஆண்டே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட மாட்டார்களா? வளர்க்க முடியும் என்பதே என் பதில். ஆனால் ஒருவருக்கு மொத்தம் எத்தனை நிமிடம் கிடைத்தது என்பதைவிட, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில், யாருடன் சேர்ந்து ஆடுவதற்கு, என்ன வேலையைச் செய்வதற்கு அந்த நிமிடங்கள் கிடைத்தன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெஞ்ச் உருவாவது நவம்பரிலும் டிசம்பரிலும், முடிவு தெரியாத ஆட்டங்களின் இரண்டாம் கால் பகுதியில். முப்பது புள்ளி முன்னிலையில் முடியும் ஆட்டங்களின் கடைசி மூன்று நிமிடங்களில் அது உருவாவதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2015-16 பருவத்திலிருந்து மகளிர் கல்லூரி ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக ஆடப்படுகிறது. ஐந்து பேர் நாற்பது நிமிடம் ஆடுவதால் பயிற்சியாளர் பங்கிடக்கூடிய நேரம் 200 நிமிடங்கள். தொடக்க ஐவரும் சராசரியாக 32 நிமிடம் ஆடினால் 160 நிமிடங்கள் போய்விடும், மீதமுள்ள 40 நிமிடங்களில் மூன்று பேருக்கு ஆளுக்குப் பதின்மூன்று நிமிடம் தரலாம். அதே ஐவர் 27 நிமிடம் ஆடினால் மீதம் 65 நிமிடங்கள், இப்போது ஐந்து பேருக்கு அதே பதின்மூன்று நிமிடம் கிடைக்கும். எட்டுப் பேர் ஆடும் அணியைப் பத்துப் பேர் ஆடும் அணியாக மாற்றுவதற்கு ஒவ்வொரு தொடக்க வீராங்கனையும் விட்டுத்தர வேண்டியது ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த ஐந்து நிமிடமும் பெரும்பாலும் அவர் களைத்துப்போய், எதிரணியின் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவரும் வெளிப்பக்க ஆட்டக்காரரை, விரட்ட முடியாமல், கையால் தடுத்து ஃபவுல் வாங்கும் நிமிடங்களாக இருக்கின்றன. ஆகவே அணி இழப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. இதில் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. பதினைந்து பேர் கொண்ட அணியில் பத்துப் பேர் ஆடினாலும் ஐந்து பேருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. எல்லோருக்கும் சமமான நேரம் என்பது பள்ளிச் சிறுமியர் அணிக்குப் பொருந்தும் நியதி. முதல் பிரிவுக் கல்லூரி அணி அதை வாக்குறுதியாகத் தரவும் கூடாது, தராததற்காகக் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டியதில்லை.

பெஞ்சை வளர்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் 2022-23, 2023-24 ஆகிய இரண்டு பருவங்களைச் சேர்த்துப் பார்ப்பதைப் போல் தெளிவான சான்று வேறில்லை. 2008 முதல் அங்கே பயிற்சியாளராக இருக்கும் டான் ஸ்டேலியின் அணி முதல் பருவத்தில் 36 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, தேசிய அரையிறுதியில் அயோவாவிடம் 77-73 என்று தோற்றது. அந்த அணியின் தொடக்க வீராங்கனைகளான அலியா பாஸ்டன், ஸயா குக், ப்ரியா பீல், விக்டேரியா சாக்ஸ்டன், கியரா ஃப்ளெட்சர் ஐவரும் அந்த ஆண்டோடு வெளியேறினர். அவர்களில் பாஸ்டன் அவ்வாண்டு தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாக எடுக்கும் தேர்வில் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் இழக்கும் அணி அடுத்த ஆண்டு தடுமாறும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். தென் கரோலினாவோ அடுத்த பருவத்தில் ஒரு தோல்வியும் இன்றி 38-0 என்று முடித்து, 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே அயோவாவை 87-75 என்று வென்றது.

அது எப்படி நடந்தது? புதிய தொடக்க ஐவரில் பெரும்பாலோர் முந்தைய ஆண்டு பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள். சிரக்யூஸிலிருந்து 2021-இல் மாறி வந்த கமிலா கார்டோசோ 2022-23 பருவம் முழுவதும் பாஸ்டனுக்குப் பின்னால் காத்திருந்து, ஆட்டத்துக்கு இருபது நிமிடங்களுக்கும் குறைவாகவே ஆடினார். அதற்குள்ளாகவே அவர் தென்கிழக்கு மாநாட்டின் (மாநாடு என்பது தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) சிறந்த ஆறாம் வீராங்கனை விருதை, அதாவது பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவருக்கான விருதைப், பெற்றார். அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் 15 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்து, இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீராங்கனையாகத் தேர்வானதும் அவரே. முதலாமாண்டை முழங்கால் காயத்தில் இழந்த ரேவன் ஜான்சன் 2023-இல் பெஞ்சிலிருந்து வந்தவர். அந்த ஆண்டு அரையிறுதியில் அயோவா அவரைத் தூரத்திலிருந்து எறியவிட்டு, கூடைக்கு அருகே ஆட்களை நிறுத்தித் தென் கரோலினாவின் உயரத்தை முடக்கியது. அந்த இரவின் பாடத்தை ஓராண்டு சுமந்தவர், 2024 இறுதி ஆட்டத்தில் அயோவாவின் நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க்கைத் தடுக்கும் முதன்மைப் பொறுப்பை ஏற்றார். ப்ரீ ஹாலும் அப்படி வளர்ந்து வந்தவர்தான். இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். லெட்டீஷியா அமிஹெரே தம் கல்லூரிக் காலத்தின் பெரும்பகுதியைப் பெஞ்சிலிருந்து இறங்குபவராகவே கழித்தார். ஆனால் 2023 தேர்வில் அட்லாண்டா அவரை எட்டாவது இடத்தில் எடுத்தது, தொடக்க வீராங்கனையான குக்குக்குக் கிடைத்தது பத்தாவது இடம். குறைந்த நேரம் ஆடியவர் வளரவில்லை என்று பொருள் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

2024 இறுதி ஆட்டத்தின் இன்னொரு எண் பலருக்கும் நினைவிருக்கும். பெஞ்ச் எடுத்த புள்ளிகளில் தென் கரோலினாவுக்கு 37, அயோவாவுக்கு 0. அன்று தென் கரோலினாவுக்காக மிக அதிகமாக 19 புள்ளிகள் எடுத்த டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து இறங்கிய முதலாமாண்டு மாணவி. தேசிய இறுதி ஆட்டத்தில் முதலாமாண்டுப் பெண் ஒருவர் தயங்காமல் எறிவதற்கு, அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் அவர் பலமுறை நெருக்கமான ஆட்டங்களில் தவறவிட்டும் களத்தில் தொடர அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் தவறுக்கே வெளியே அழைக்கப்படும் வீராங்கனை, அடுத்த முறை இறங்கும்போது தவறு செய்யாமல் இருப்பதை மட்டுமே இலக்காகக் கொள்வார். பந்தை வாங்கியதும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் எதிரணிக்கு ஒரு தொந்தரவே இல்லை.

இதை வைத்துக்கொண்டு எல்லா அணிகளும் பத்துப் பேரை ஆட வைக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. தென் கரோலினாவின் பத்தாவது வீராங்கனை பல பல்கலைக்கழகங்களில் முதல் நாளிலேயே தொடக்க ஐவரில் இடம்பெறக்கூடியவர், அத்தகைய மாணவிகளைச் சேர்க்கும் ஆற்றல் எல்லோருக்கும் இல்லை. குறுகிய வரிசையோடு பட்டம் வென்றவர்களும் உண்டு. 2017-18 பருவத்தில் நோட்ர டாம் அணியின் நான்கு வீராங்கனைகள் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து வெளியே இருந்தனர். மீதமிருந்த சிறு குழுவை வைத்தே பயிற்சியாளர் மஃபெட் மெக்ரா அரையிறுதியில் கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தில் 91-89 என்றும், இறுதி ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டை 61-58 என்றும் வென்றார். இரண்டு ஆட்டங்களிலும் வெற்றிப் பந்தைக் கடைசி நொடிகளில் எறிந்தவர் ஆரிகே ஓகுன்போவாலே. அந்தச் சாதனையை நான் எவ்வளவோ மதிக்கிறேன். ஆனால் அது காயங்கள் திணித்த நிலைமை, விரும்பி வகுத்த திட்டமல்ல. ஓகுன்போவாலே போன்ற ஒருவர் இல்லாத அணி அந்தப் பாதையைப் பின்பற்றினால் தேசியத் தொடர் நடக்கும் மார்ச் மாதத்தில் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

குறுகிய வரிசைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் ஏற்படும் வாய்ப்பு இதே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆகவே மகளிர் அணியில் பருவத்தின் நடுவில் ஒருவரையோ இருவரையோ இழப்பது திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய நிகழ்வு. 2022-23-இல் கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் பருவம் தொடங்கும் முன்பே ஏ.சி.எல். காயத்தால் வெளியேறினார், மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். 2023 ஜனவரியில் டிபால் அணிக்கு எதிரான ஆட்டத்தையே தள்ளிவைக்க நேர்ந்தது. பிக் ஈஸ்ட் மாநாட்டின் விதி கேட்கும் ஏழு உதவித்தொகை வீராங்கனைகள் நல்ல உடல்நிலையில் இல்லை என்பதே காரணம். ஜீனோ ஆரியெம்மாவின் அணி அந்த ஆண்டு பதினாறு அணிகள் சுற்றில் ஒஹாயோ ஸ்டேட்டின் முழுக்கள நெருக்கடியில் (களம் முழுவதும் நெருங்கி நின்று தடுக்கும் முறை) பந்தை மீண்டும் மீண்டும் பறிகொடுத்துத் தோற்றது. பதினான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து இறுதி நான்கில் இடம்பிடித்து வந்த வரலாறு அங்கே முறிந்தது. மாதக்கணக்கில் ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடிய கால்கள் அந்த நெருக்கடியைத் தாங்கவில்லை என்பது என் கணிப்பு. 2024 ஜனவரியில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் இன்னும் கடுமையான நிலையை எதிர்கொண்டது. காயங்களால் ஆள் இல்லாமல் இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டு, வளாகத்து மாணவிகளுக்குத் திறந்த தேர்வு நடத்தி, நான்கு பேரை அணியில் சேர்த்துக்கொண்டு பருவத்தைத் தொடர்ந்தது.

அயோவாவின் அதே 2024 அணியிலும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் பெஞ்ச் பூஜ்யம் என்பதை வைத்துப் பயிற்சியாளர் லிசா ப்ளூடர் பெஞ்சைப் புறக்கணித்தார் என்று சொன்னால் அது நியாயமாகாது. மார்ச் தொடக்கத்தில், வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில், தொடக்க கார்டான மாலி டேவிஸ் முழங்காலில் அடிபட்டார். அவர் இடத்தில் அயோவாவின் மாநாடான பிக் டென்னின் தொடரிலிருந்து இறங்கிய சிட்னி அஃபோல்டர் அதுவரை பெஞ்சிலிருந்து வந்தவர். அவர் எந்தத் தடுமாற்றமும் இன்றி அந்த இடத்தை நிரப்பினார். ஏனென்றால் பருவம் முழுவதும் கிளார்க்குடன் சேர்ந்து ஆடும் நிமிடங்கள் அவருக்குக் கிடைத்து வந்தன. கிளார்க் பந்தை எந்த நொடியில் எங்கே அனுப்புவார் என்பது அவருக்குப் பழகியிருந்தது. ஆனால் அஃபோல்டர் மேலே போனதும் அவர் விட்டுச்சென்ற ஆறாம் இடத்துக்கு அதே அளவு தயாரான ஒருவர் இல்லை. பெஞ்ச் ஒரு படி ஆழம் இருந்தது, இரண்டாம் படி இல்லை.

இங்கிருந்து நடைமுறைக்கு வருகிறேன். மாற்று வீராங்கனைகள் ஐவரையும் ஒரே நேரத்தில் இறக்கி, தொடக்க ஐவரை மொத்தமாக உட்கார வைப்பது வெளிப்பார்வைக்கு நியாயமாகத் தெரியும். எதிரணியை ஓட ஓட விரட்டும் பாணியுள்ள அணிகளுக்கு அது ஒத்துவரலாம். மற்ற அணிகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புதியவர்கள் ஐவர் சேர்ந்து ஆடும்போது ஒருவரின் தவறு அடுத்தவரின் தவறை இழுத்து வரும். எட்டுப் புள்ளி முன்னிலை இரண்டு நிமிடத்தில் கரையும், பயிற்சியாளர் ஐவரையும் ஒன்றாக வெளியே அழைப்பார், அந்த ஐவருக்கும் அன்றைய நாள் அத்துடன் முடிந்துவிடும். மாறாக, மூன்று தொடக்க வீராங்கனைகள் களத்தில் இருக்கும்போது இரண்டு மாற்று வீராங்கனைகளை இறக்கினால், பந்தைக் கொண்டுவருபவரும் கூடைக்கடியில் பேசித் தடுப்பை ஒழுங்கு செய்பவரும் பழையவர்களாக இருப்பார்கள். புதியவர் தம் ஒரு வேலையை மட்டும் செய்தால் போதும். அந்த வேலை என்ன என்பது முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். எதிரணியின் சிறந்த எறிவாளரை நான்கு நிமிடம் விடாமல் தொடர்வது, அல்லது மூலையில் நின்று பந்து வந்தால் யோசிக்காமல் எறிவது, அல்லது ஒவ்வொரு எறிக்கும் ரீபவுண்டுக்குப் போவது என்ற அளவுக்கு அது குறுகலாக இருக்கலாம்.

நேரத்தைத் தேர்வதிலும் நுணுக்கம் உண்டு. மகளிர் ஆட்டத்தில் ஒவ்வொரு கால் பகுதியிலும் ஐந்து நிமிடக் குறியைத் தாண்டியதும் வரும் முதல் நிறுத்தத்தில் ஒளிபரப்புக்கான இடைவேளை வருகிறது. கடிகாரம் ஆறு நிமிடத்தை நெருங்கும்போது ஒருவரை உட்கார வைத்தால், ஆட்டக் கணக்கில் மூன்று நிமிடம் இழந்தாலும் உண்மையில் அதைவிட வெகு நீண்ட ஓய்வு கிடைக்கும். முதல் கால் பகுதியின் கடைசி ஒன்றரை நிமிடத்தையும் இரண்டாம் கால் பகுதியின் முதல் இரண்டு நிமிடங்களையும் இணைத்துக் கொடுக்கும் ஓய்வும் அப்படித்தான். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இந்த இடங்களை ஆட்டத்துக்கு முன்பே குறித்துவைத்து, இன்னாருக்குப் பதில் இன்னார் என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். எழுதி வைப்பதன் பயன் பெரிது. ஆட்டத்தின் சூட்டில் எந்தப் பயிற்சியாளரும் தமக்கு மிகவும் நம்பிக்கையான ஐவரையே நாடுவார். மனம் அமைதியாக இருந்தபோது எடுத்த முடிவுதான் அவரை அந்தப் பழக்கத்திலிருந்து காக்கும்.

ஃபவுல் சிக்கலும் பெஞ்சைச் சோதிக்கும் இடம். ஐந்து ஃபவுலில் வெளியேற்றம் என்பதால், முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கியவரை உட்கார வைப்பது பெரும்பாலோரின் வழக்கம். 2023 இறுதி ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட்டின் ஏஞ்சல் ரீஸ் அப்படித்தான் முதல் பாதியில் நீண்ட நேரம் உட்கார நேர்ந்தது. அந்த இடைவெளியில் பெஞ்சிலிருந்து இறங்கிய ஜாஸ்மின் கார்சன் முதல் பாதியிலேயே 21 புள்ளிகள் எடுத்தார், இடைவேளையில் அணி 59-42 என்று முன்னிலையில் இருந்தது, முடிவில் 102-85 என்று அயோவாவை வென்றது. முந்தைய சுற்றுகளில் அவர் அதிகம் எறியவே இல்லை. அப்படி ஒருவர் மிகப் பெரிய மேடையில் தயக்கமின்றி எறிந்தார் என்றால், அதற்கான துணிவு அன்று ஒரே நாளில் வந்திருக்க முடியாது.

ஆட்டத்தைவிடப் பயிற்சியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் வளர்ச்சியின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது, பறிபோவதும் அங்கேதான். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் விதிப்படி பருவ காலத்தில் அணிப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரமே அனுமதி, அதில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. ஆட்டங்கள், உடற்பயிற்சி, காணொளி பார்த்தல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், ஜனவரிக்குப் பிறகு தனித்திறன் பயிற்சிக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். இந்தச் சொற்ப நேரத்திலும் முதல் ஐவர் எதிரே பல அணிகள் ஆண் மாணவர்களைப் பயிற்சி ஆட்டக்காரர்களாக நிறுத்துகின்றன. அவர்கள் உயரமும் வேகமும் கொண்டவர்கள், எதிரணியின் ஆட்ட முறையைப் பாவித்துக் காட்டுவார்கள், அதனால் தொடக்க ஐவருக்கு நல்ல சோதனை கிடைக்கிறது. காயமடைந்தோர் அதிகம் இருக்கும் அணிக்கு அவர்கள் பெரிய உதவி என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒன்பதாவது, பத்தாவது வீராங்கனைகள் எங்கே நிற்கிறார்கள்? ஓரக்கோட்டில் நின்று கைதட்டுகிறார்கள். 2006-இல் என்.சி.ஏ.ஏ.-வின் மகளிர் விளையாட்டுக் குழுவே இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டது. பெண்களுக்கு வாய்ப்பை விரிவாக்கிய 1972-ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டத்தின் நோக்கத்துக்கு இது முரணானது என்பது அவர்கள் வாதம். பயிற்சியாளர்கள் பலர் எதிர்த்தனர், முதல் பிரிவில் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

தடை தேவையில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் அதைச் சொல்கிறேன்: ஆண் மாணவர்கள் எதிரே நிற்கும்போது களத்தில் இருக்க வேண்டியது தொடக்க ஐவர் மட்டுமல்ல. ஒரு பயிற்சி நாள் முழுவதும் ஏழாவது வீராங்கனையை முதல் குழுவிலும், தொடக்க வீராங்கனை ஒருவரை இரண்டாம் குழுவிலும் வைத்து ஆட விட்டால், இரண்டு பேருமே கற்றுக்கொள்வார்கள். தொடக்க வீராங்கனைக்கும் அது தண்டனை ஆகாது. பழக்கமற்ற கூட்டாளிகளை ஒழுங்கு செய்து ஆடும் திறன் அவருக்கும் ஒருநாள் தேவைப்படும். எதிரணியைப் பாவித்து ஆடும் குழுவில் மாற்று வீராங்கனைகளை நிறுத்துவதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வாரம் முழுவதும் எதிரணியின் ஆட்ட முறையை மட்டுமே ஆடும் ஒருவர், தம் அணியின் ஆட்ட முறையை எப்போது கற்பார் என்பதற்குப் பயிற்சியாளரிடம் பதில் இருக்க வேண்டும்.

இனி, விட்டுப்போகிறவர்களைப் பற்றி. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பெயரைப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் திறந்தது. 2021-இல் ஒருமுறை மாறுபவர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. 2024-இலிருந்து படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். முன்பு பெஞ்சில் இருப்பவர் மாற நினைத்தால் ஓராண்டை இழக்க வேண்டும், அந்தத் தடை பயிற்சியாளருக்குச் சாதகமாக இருந்தது. இன்று அது இல்லை. இதை நான் தீமையாகப் பார்க்கவில்லை. நான்கு பருவங்கள் மட்டுமே தகுதி உள்ள ஒரு மாணவிக்கு, தம்மை ஆட வைக்காத இடத்திலிருந்து ஆட வைக்கும் இடத்துக்குப் போகும் உரிமை இருக்கத்தான் வேண்டும். ஆழமான பெஞ்ச் உள்ள அணியும் இதிலிருந்து தப்ப முடியாது. தென் கரோலினாவின் மிலேஷியா ஃபுல்வைலி 2025-இல் தம் மாநாட்டின் சிறந்த ஆறாம் வீராங்கனை விருதைப் பெற்றார், அதே ஆண்டில் லூசியானா ஸ்டேட்டுக்கு மாறினார். சொந்த ஊர்க்காரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை, பட்டம் வென்ற அணி என்று தங்குவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் அவர் போனார். ஆகவே பெஞ்சை வளர்த்தால் யாரும் போக மாட்டார்கள் என்று நான் வாதிட மாட்டேன். வளர்க்காத அணியிலிருந்து போகிறவர்கள் அந்த அணிக்கு எதையும் தராமலே போகிறார்கள், வளர்த்த அணியிலிருந்து போகிறவர்கள் இருந்த காலத்தில் ஆட்டங்களை வென்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதே வித்தியாசம்.

இந்தச் சூழலில் பேச்சு மிக முக்கியமாகிறது. ஒரு மாணவி தம் இடம் என்ன என்பதை ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார் என்றால், அவருடைய பயிற்சியாளர் கடமையில் தவறிவிட்டார் என்றே சொல்வேன். பருவம் தொடங்கும் முன் ஒருமுறை, மாநாட்டு ஆட்டங்கள் தொடங்கும் புத்தாண்டுக் காலத்தில் ஒருமுறை, பருவம் முடிந்ததும் ஒருமுறை என்று ஒவ்வொரு வீராங்கனையிடமும் தலைமைப் பயிற்சியாளரே தனியாகப் பேச வேண்டும். துணைப் பயிற்சியாளரை அனுப்பக் கூடாது. அந்தப் பேச்சில் “கடினமாக உழை, வாய்ப்பு வரும்” என்ற பொதுவான சொற்களால் பயனில்லை. “இப்போது நீ ஒன்பதாவது இடத்தில் இருக்கிறாய், பந்தில்லாத பக்கத்தில் ஸ்க்ரீனை, அதாவது வழிமறித்து நிற்கும் எதிரணி ஆளைத், தாண்டுவதில் இரண்டு அடி பின்தங்குகிறாய், அதனால்தான் உன்னை நெருக்கமான ஆட்டத்தில் இறக்கத் தயங்குகிறேன், அதைச் சரிசெய்ய இன்னாரோடு வாரம் இருமுறை வேலை செய்” என்று சொன்னால், அது வலிக்கும். ஆனால் அதில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. மாணவியும் தம் கேள்வியை “எனக்கு ஏன் நேரம் தரவில்லை” என்பதிலிருந்து “எதைக் காட்டினால் நம்புவீர்கள்” என்று மாற்றிக்கொண்டால் உரையாடல் நகரும்.

முதலாமாண்டு மாணவி அந்தப் பருவம் ஆட வாய்ப்பே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தால், ரெட்ஷர்ட் முறையை, அதாவது ஆடாமல் இருந்து அந்தப் பருவத் தகுதியைச் சேமிப்பதை, வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கூடைப்பந்தில் வழக்கமான விதிப்படி, காயம் போன்ற விலக்குகள் தவிர, ஒரே ஒரு நிமிடம் களத்தில் நின்றாலும் ஒரு பருவத் தகுதி கழிந்துவிடும். நாற்பது புள்ளி முன்னிலையில் கடைசி நிமிடத்தில் ஒரு பெண்ணை அன்போடு இறக்கிவிடும் பயிற்சியாளர், அவருடைய ஒரு முழு ஆண்டைச் செலவழிக்கிறார். அதை அந்தப் பெண்ணும் பெற்றோரும் அறிந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய முன்னிலை கிடைத்த ஆட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020-21 பருவத்திலிருந்து மகளிர் ஆட்டத்தில் அணிகளை மதிப்பிடப் பயன்படும் நெட் தரவரிசையில், ஒவ்வொரு முறை பந்து கையில் கிடைக்கும்போதும் எவ்வளவு புள்ளி எடுத்தோம், எவ்வளவு விட்டோம் என்ற திறன் கணக்கும் சேர்கிறது. அதனால் முன்னிலையைக் குறையவிடாமல் தொடக்க ஐவரையே நான்காம் கால் பகுதியிலும் ஆட வைக்கப் பயிற்சியாளர்களுக்கு ஒரு தூண்டுதல் இருக்கிறது. நட்சத்திர வீராங்கனைகளின் சாதனை எண்களும் அதே பக்கம் இழுக்கின்றன. நான் இந்த இழுப்புக்கு இடம்கொடுக்க மாட்டேன். இருபது புள்ளி முன்னிலையோடு மூன்றாம் கால் பகுதி முடிந்தால், அடுத்த பத்து நிமிடமும் பெஞ்சுக்கு உரியவை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு கடிகாரத்தைக் கரைக்க வேண்டும் என்று கட்டளையிடுவது, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்குச் சமம். அணியின் முழு ஆட்ட முறையையும், தடுப்பின் எல்லா விதிகளையும் அவர்கள் ஆட வேண்டும். அடுத்த நாள் காணொளியில் அந்த நிமிடங்களையும் முதல் கால் பகுதியைப் பார்க்கும் அதே கவனத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல அணிகளில் இந்தக் காணொளி வேலைதான் விடுபடுகிறது. யாரும் பார்க்காத நிமிடங்களிலிருந்து யாரும் கற்பதில்லை.

உங்கள் அணி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்பினால், ஜனவரி இறுதியில் புள்ளிப் பட்டியல்களை எடுத்துவைத்து, மொத்த நிமிடங்களை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு செய்தியைத் தேடிப் பாருங்கள்: பத்துப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் இருந்த நேரத்தில், முதல் பாதியில், உங்கள் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது வீராங்கனைகள் எத்தனை ஆட்டங்களில் இறங்கினார்கள்? மூவருக்கும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் அப்படி இரண்டு, மூன்று நிமிடமாவது கிடைத்திருந்தால், மார்ச்சில் யாருக்காவது முழங்கால் திருகினாலும் அணி ஆடும். ஒருவருக்குக்கூட அப்படிக் கிடைத்திருக்கவில்லை என்றால், பிப்ரவரியில் மீதமிருக்கும் ஆட்டங்களில் உங்கள் அணியைவிடச் சற்றே பலம் குறைந்த எதிரணிகள் எவை என்று பார்த்து, அவற்றின் இரண்டாம் கால் பகுதியிலிருந்து, ஒரு நேரத்தில் ஒருவர் என்று, மூன்று தொடக்க வீராங்கனைகளாவது உடன் இருக்கும்படி தொடங்குங்கள்.